சைக்கிள் டியூபும் மேஜரின் வலது முழங்கையும்

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற படைப் பணியாளருக்கு ஒரு மருத்துவச் சாதனம் தேவை என்று உரிய நிபுணர் எழுதிக் கொடுத்து, அது கிடங்கில் இல்லாமல் போனால், 'கையிருப்பில் இல்லை' என்ற சான்றின் பேரில் பதினைந்து வேலை நாட்களுக்குள் உள்ளூரில் வாங்கித் தரப்பட வேண்டும். இதற்கு ஓர் உட்பிரிவும் உண்டு. அனுமதி வருவதற்கு முன்பே மனுதாரர் அதே சிகிச்சையை வேறு வழியில் தொடங்கிவிட்டால் கோரிக்கை காலாவதியாகும். முதல் பகுதியை அலுவலகம் மறந்தது. உட்பிரிவை நான் மறக்கவில்லை. இந்தக் கதையில் நடந்த தவறுகளில் பெரியது எது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மனுதாரர் என் மனைவி. ராணுவச் செவிலியர் பணியில் மேஜராக ஓய்வு பெற்றவள். நான் புதுச்சேரி அரசுப் பணியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து கண்காணிப்பாளராக வீட்டுக்கு வந்தவன். பதவி வரிசைப்படி எங்கள் வீட்டில் யார் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் ஐயம் இருந்ததில்லை. அவள் வடக்கே மலைப்பக்கங்களிலும் பாலைவன ஓரங்களிலும் இருந்த ராணுவ மருத்துவமனைகளில் மாறிமாறி வேலை பார்த்தாள். நான் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து சைக்கிளில் அலுவலகம் போய் வந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு மழை நாளில், வேறு வேலை இல்லாமல், அவளுடைய விடுப்பு ஆணைகளை அடுக்கி வைத்துக் கணக்குப் பார்த்தேன். திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஆறு ஆண்டுகளும் சில்லறை நாட்களும்தான். அவளிடம் சொன்னேன். "அதனாலதான் இன்னும் சேந்து இருக்கறோம்" என்றாள்.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து அந்த நாட்டு ஓய்வூதியம் வாங்குபவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எண்பத்து நான்கு வயது, தேக்கு மரம் போன்ற உடம்பு. அவர் மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் பிரான்சில். 2007இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சம்பளத்துக்கு வந்த ஆட்கள் அவருடைய பிரெஞ்சு வசவுகளைக் கேட்டுவிட்டு வாரத்துக்கு ஒருவராக ஓடிப்போனார்கள். மொழி புரியாவிட்டாலும் பொருள் புரிந்துவிட்டது போலிருக்கிறது. சமையலுக்கு வரும் அம்மாள் மட்டும் நிலைத்தாள். அவளுக்குக் காது மந்தம்.

அதனால் காலையும் மாலையும் என் மனைவி போனாள். யாரும் கேட்கவில்லை. எனக்குக் குடலிறக்க அறுவை நடந்திருந்ததால் தண்ணீர்க் குடம் தூக்கக்கூட அனுமதி இல்லை. அவள் அவருக்கு உடம்பு துடைத்து, விரிப்பைப் பிடித்து இழுத்து ஒருபக்கமாகச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுப்பாள். அவர் அவளைக் 'கொமாந்தான்' என்பார். பிரெஞ்சுப் படையில் மேஜருக்கு நிகரான பதவி அது. "நான் வெறும் கப்ரால், முசியே" என்று என்னிடம் சொன்னார். "கொமாந்தான் திரும்பிப் படுன்னா திரும்பிப் படுக்கணும். சட்டம்."

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன்பு அவர் வலக்கையை நீட்டுவார். அவளும் கை கொடுப்பாள். கை குலுக்காமல் நாளைத் தொடங்கினால் அவருக்கு அது நாளே இல்லை.

2008 ஜூன் மாதம் அவளுடைய வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. முதலில் குழாயைத் திருகும்போது. பிறகு துணி பிழியும்போது. பிறகு காபி டம்ளரை எடுக்கும்போதே முகம் சுருங்கியது. முன்னாள் படைவீரர் மருந்தகத்தின் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு டென்னிஸ் எல்போ என்றார். வாழ்நாளில் டென்னிஸ் மட்டையைத் தொடாதவள் அவள். ஆனால் அந்த மருந்தகத்துக்கு இந்த வலியோடு வருகிறவர்களில் ஒருவரும் டென்னிஸ் ஆடியவர்கள் இல்லையாம். துப்பாக்கி தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், பெரிய அண்டாவில் சாம்பார் கிளறியவர்கள். டாக்டர் அவளை எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் இருந்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் மனைவியிடம் ஒரு துணியைக் கொடுத்து, எதிர் வீட்டுப் பெரியவரை எப்படிப் புரட்டுகிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னாள். இவள் செய்து காட்டினாள். புறங்கை மேலே இருக்க, விரல்களால் விரிப்பை இறுக்கிப் பிடித்து இழுக்கும் பிடி.

"இதான் மேடம் காரணம். உள்ளங்கை மேல பாக்கணும். அடியில கைய குடுத்து இழுங்க."

"இந்தப் பிடியத்தான் முப்பது வருசமா நர்சுங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் மேஜர்.

"அவுங்களுக்கும் இப்ப நோவும் மேடம்."

என் மனைவியிடம் இப்படிப் பேசிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று.

சிகிச்சை எளிமையாகத்தான் இருந்தது. இரண்டு அங்குல அகலத்தில் ஒரு ரப்பர் பட்டை, கம்ப்ரெஷன் பேண்ட் என்றாள். முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே தொடங்கி, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி, இழுத்து இழுத்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். சுற்றிய நிலையில் விரல்களை மடக்கி விரித்து, மணிக்கட்டை ஏற்றி இறக்கி, முழங்கையை நீட்டி மடக்க வேண்டும். இரண்டு நிமிடம், அதற்கு மேல் கூடாது. மரத்துப்போனாலோ விரல் நீலமானாலோ அந்தக் கணமே அவிழ்க்க வேண்டும். பட்டையை எடுத்ததும் வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்பப் பாயும், அப்போது வலி தணியும் என்றாள். கூடவே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி. அவளிடம் இருந்த பட்டையால் ஒருமுறை சுற்றியும் காட்டினாள். அன்று மாலை என் மனைவி முகம் சுளிக்காமல் காபி குடித்தாள்.

தினமும் இரண்டு வேளை செய்ய வேண்டும், சொந்தமாக ஒரு பட்டை வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்த அந்தப் பெண், எழுந்து கதவு வரை வந்து சொன்னாள். "அது கெடைக்கிற வரைக்கும் பழைய சைக்கிள் டியூப வெட்டிக்கூட சுத்தலாம் சார். நெறைய பேரு அதான் செய்றாங்க."

நான் அவளுக்கு உட்பிரிவை விளக்கினேன். அவள் என்னை ஒரு புது நோயைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒரு மேஜரின் கையில் பஞ்சரான டியூபா என்ற கௌரவமும் எனக்கு உள்ளுக்குள் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். வெளியே வந்ததும் மனைவி, "டியூபே சுத்திக்கலாமே" என்றாள். "பதினைந்து நாள்" என்றேன். "உனக்குச் சேர வேண்டியதை முறையாக வாங்கித் தருகிறேன்."

மனுவை நானே எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் அதுவே சிறந்தது. விதி மேற்கோள், நிபுணரின் சீட்டு, அடையாள அட்டை நகல், எல்லாம் மூன்று படிகளாக, ஓரத்தில் பக்க எண்ணோடு. ஜூலை முதல் வாரத்தில் மருந்தகத்துக்குப் போய்க் கிடங்குக்காரரிடம் 'கையிருப்பில் இல்லை' சான்று கேட்டேன். அவர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார். முழங்கை உறை இருந்தது, கட்டுத்துணி இருந்தது. கம்ப்ரெஷன் பேண்ட் என்ற பெயரே பட்டியலில் இல்லை.

"லிஸ்டுல இருந்து ஸ்டாக்குல இல்லன்னா 'இல்ல'ன்னு எழுதிக் குடுப்பேன் சார்" என்றார் அவர். "லிஸ்டுலயே இல்லாத பொருள எப்டி 'இல்ல'ன்னு எழுதறது? யானைகூடத்தான் இல்ல."

அந்த வாதத்தை நான் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் ரசித்தேன். என் நாற்காலியில் இருந்துகொண்டு இதைவிடச் சுமாரான ஆட்சேபணைகளை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். மனுவை மேல் அலுவலகத்துக்கு அனுப்பி, பட்டியலில் சேர்க்கவோ விலக்கு அளிக்கவோ கோரினேன். பதினைந்து நாளில் பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். ஆகஸ்டில் இன்னொன்று. மனைவி தினமும் அஞ்சல்காரர் போன பிறகு கேட்பாள். "இன்னா சூப்ரண்டு, ஃபைலு நவுந்துச்சா?" நான் சிரிப்பேன். அவள் அப்போது காபியை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிக்கத் தொடங்கியிருந்தாள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்றாள். ஆகஸ்டு மாதப் புதுச்சேரியில். நான் அதையும் நம்பினேன். அல்லது நம்புவது வசதியாக இருந்தது.

அதே வாரம் சொல்தாவின் மகள் பிரான்சிலிருந்து தொலைபேசியில் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தன் ஊரிலும் ஆள் இல்லை, இங்கும் நிலையான ஆள் இல்லை என்பதால் சென்னைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்திருப்பதாகவும் சொன்னாள். என் மனைவிக்கும் வயதாகிறது, அவளை எத்தனை நாள் சிரமப்படுத்துவது என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது. சொல்தாவோ தன் வீட்டுக் கட்டிலில்தான் சாவேன் என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தவர். என் மனைவி, "நான் இருக்கறேன், டிசம்பர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணு கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவளுடைய கை அதுவரை தாங்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

செப்டம்பரில் ஒரு காலை, அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க எதிர் வீட்டுக்குப் போனேன். அறை வாசலில் நின்றுவிட்டேன். அவள் விரிப்பின் நுனியை வலது முன்கையில் சுருட்டிச் சுற்றியிருந்தாள். விரல்களால் பிடிக்க முடியாததால், உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, தன் எடையால் அவரை இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் இல்லை. கன்னம் நனைந்திருந்தது. அவர் கண்களை மூடித் தூங்குகிறவர் போலக் கிடந்தார். அவரைச் சாய்த்துத் தலையணை வைத்துவிட்டு, அவள் பாத்திரத்தில் தண்ணீர் மாற்றப் பின்கட்டுக்குப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

சொல்தா கண்ணைத் திறக்காமலே பேசினார். நான் நிற்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"ஜூலையிலேர்ந்து எனக்கு எடது கைய குடுக்கறாங்க, முசியே. நானும் ஒண்ணும் கேக்கல. தெனம் அழுவறாங்க, நான் தூங்கறா மாரி கெடக்கறேன். எம்பொண்ணு சொல்ற எடத்துக்கே நான் போறேன். நீங்களே அவளுக்கு ஒரு கடுதாசி எழுதிடுங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

மூக்குக் கண்ணாடியை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். எனக்கு நல்லா எழுத வரும். இரண்டு மாதங்களாக நன்றாக எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பணிக்காலம் முழுதும் விதி என்பது யாருக்கும் வலிக்காத ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். வலிக்கிறவர்கள் என் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடை உண்டு. பழைய டியூப் ஒன்று வேண்டும் என்றேன்.

"இன்னா வண்டி சார்? இருபத்தெட்டா, இருபத்தாறா?"

"கைக்கு."

அவர் என் கைகளை ஏற இறங்கப் பார்த்தார். "காத்து எறங்கிப் போச்சா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் வேலையை விட்டுவிட்டு எழுந்தார். தன் மாமனாருக்கும் இப்படி நோவு உண்டு என்றார். ஒட்டுப் போடாத நல்ல டியூப் ஒன்றைத் தேடி எடுத்து, வால்வை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் ஒரே சீராகக் கிழித்துக் கொடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்ந்ததும் பவுடர் தடவுங்கள், இல்லாவிட்டால் தோல் கருப்பாகும் என்று எச்சரித்தார். நான் ரசீது கேட்கவில்லை. பொது வாழ்வில் நான் செய்த முதல் முறைகேடு அது.

மறுநாள் காலை அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டியூபை எடுத்து வைத்தேன். அவள் டியூபையும் என்னையும் பார்த்தாள்.

"உட்பிரிவு இன்னா ஆச்சு?"

"காலாவதி" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். முதல் சுற்றுத் தளர்ந்து வழுக்கியது. "குழந்தைக்கு அரைஞாண் கட்டறாப்போல கட்டாதீங்க. இழுங்க." இரண்டாவது முறை அதிகமாக இழுத்துவிட்டேன், விரல் நுனிகள் கறுத்தன. "அவுருங்க, அவுருங்க. என்ன ஆம்புடேசன் பண்ணப் போறீங்களா?" ஒரு வாரத்தில் கை பழகியது. நான் சுற்றி முடித்ததும், நாடி பார்ப்பதற்கென்று அவள் பணிக்காலத்தில் மார்பில் குத்தியிருந்த தலைகீழ்க் கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு, முஷ்டியை மடக்கி விரித்து, மணிக்கட்டை ஏற்றி இறக்குவாள். நொடி முள்ளை இருவரும் பார்ப்போம். இரண்டு நிமிடம் ஆனதும் அவிழ்ப்பேன். வரி வரியாக வெளுத்திருந்த தோலில் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கீழேயிருந்து மெல்லச் சிவப்பு ஏறும். அந்த இடத்தில் என் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியும். வைக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லவில்லை.

திருமணமான புதிதில் அவளுக்கு விடுப்பு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வீடு நிறைய உறவினர்கள். அவள் மாதா கோயில் வீட்டுப் பெண், நான் மாரியம்மன் கோயில் வீட்டுப் பையன். இரு பக்கத்தாரும் எங்களை மாறிமாறிக் கண்காணித்தார்கள். பகல் வெளிச்சத்தில், சன்னல் திறந்திருக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தது அறுபத்தைந்து வயதில்தான். அதுவும் மருத்துவக் காரணத்தால்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சில நாள் வலி குறையும், சில நாள் திரும்பி வரும். கதிர்காமத்துப் பெண், பட்டை மட்டும் போதாது, பாட்டில் பயிற்சியையும் விடக்கூடாது, உள்ளங்கைப் பிடியையும் மாற்றக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் மிரட்டினாள். அக்டோபர் கடைசியில் என் மனைவி குழாயைத் தானே திருகினாள். நவம்பர் மழையில் துவைத்த துணியைப் பிழிந்தாள், பாதியோடு நிறுத்திக்கொண்டாள். காபி டம்ளர் ஒரு கைக்குத் திரும்பிய நாளை நான் நாட்காட்டியில் குறித்து வைத்தேன். ஆனால் சொல்தாவுக்கு மட்டும் அவள் இடது கையையே கொடுத்துவந்தாள். முழுசாகத் தேறாமல் கொடுத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றாள்.

டிசம்பர் இருபதுக்குப் பிறகு மகள் வந்தாள். இல்லத்தின் காகிதங்கள் எல்லாம் அவள் கைப்பையில் இருந்தன. காலை ஏழு மணிக்கு அறையில் நாங்கள் நான்கு பேர். மகள் பண்பாக, வருத்தத்தோடு, தான் யோசித்ததையெல்லாம் சொன்னாள். சொல்தா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொமாந்தானுக்குக் கை முடியல" என்று அவரே மகளுக்கு ஆதரவாகச் சொன்னார். என் மனைவி கட்டில் அருகே போனாள். வலக்கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பற்றினார். படுத்த படுக்கையாக இருந்தாலும் அந்த வலக்கையில் இன்னும் ஒரு படைவீரனின் பிடி இருந்தது, இறுக்கிக் குலுக்கினார். முழங்கை வலிக்கு அதைவிடப் பெரிய பரிசோதனை இல்லை என்று கதிர்காமத்துப் பெண் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். நான் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை அசையவில்லை. பிறகு அவள் உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்து விரிப்புக்கு அடியில் கொடுத்து, ஒரே இழுவையில் அவரைத் தன் பக்கம் சாய்த்தாள். மகள் அப்பாவின் முதுகைக் குனிந்து பார்த்தாள். ஒரு புண் இல்லை.

"என்னா, போவணுமா?" என்றாள் என் மனைவி.

"கொமாந்தான் சொன்னா சரி" என்றார் சுவரைப் பார்த்தபடி.

மகள் காகிதங்களைக் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. ஜனவரியில் தனியாகத்தான் திரும்பிப் போனாள். போகும் முன் என் மனைவியின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள், என் கன்னங்களிலும். எனக்கு அதற்கு முன்மாதிரி இல்லை.

பிப்ரவரியில் பிசியோதெரபிஸ்ட், இனிமேல் பட்டை தேவையில்லை, பயிற்சி மட்டும் போதும் என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். என் மனைவியும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை காபி முடிந்ததும் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், அவள் கையை நீட்டினாள். முதல் டியூப் அதற்குள் இழுவை போய்விட்டிருந்ததால், சைக்கிள் கடைக்காரர் கேட்காமலே இன்னொன்று கிழித்துக் கொடுத்திருந்தார்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, நான் சுற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சல்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். பாதிச் சுற்றில் எழ முடியாது. அவரைக் காத்திருக்கச் சொல்லி, இரண்டு நிமிடம் முடித்து, அவிழ்த்து, என் உள்ளங்கையை வைத்து எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மேல் அலுவலகத்தின் பதில். கோரப்பட்ட பொருள் பட்டியலில் இல்லாதபோதிலும் மனு சிறப்பு நேர்வாகப் பரிசீலனையில் உள்ளது. மனுதாரருக்கு வலி இன்னும் நீடிக்கிறதா என்பதையும், சிகிச்சை வேறு வழியில் தொடங்கப்பட்டுள்ளதா என்பதையும் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கையைக் கீழே இறக்கியிருக்கவில்லை.

"இன்னா எழுதப் போறீங்க?"

"உண்மையைத்தான் எழுத வேண்டும். வலி இருக்கிறதா?"

அவள் முழங்கையை ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். எதிர் வீட்டிலிருந்து சொல்தா பிரெஞ்சில் யாரையோ வைதுகொண்டிருந்தது கேட்டது. அவளுக்கு நேரமாகிவிட்டது.

"காலையில கொஞ்சம் இருக்குது" என்றாள். "ரெண்டு நிமிசத்துக்கு."

அவள் தெருவைக் கடந்து போன பிறகு நான் பென்சிலை எடுத்து, முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில், கடிதத்தின் வலது மேல் மூலையில் குறித்தேன்: பெற்ற நாள், 12.3.2009.